கரண்ட் பில்லும் தண்ணீர்ச் செலவும்: முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் குறைக்கலாம்

பெரும்பாலான வீடுகளில் சிக்கனம் தப்பான இடத்தில்தான் தொடங்குகிறது. ஹாலில் யாரும் இல்லாமல் ஒரு லைட் எரிந்தால் வீடே அதிரச் சத்தம் போடுகிறோம், ஆனால் அந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட்டைத் தின்று முடிக்க 110 மணி நேரத்துக்கு மேல் ஆகும், குளியலறையில் இருக்கும் 2,000 வாட் கீசருக்கோ அரை மணி நேரம் போதும். தண்ணீரிலும் இதே கதைதான். பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம், அந்தப் பக்கம் ஃப்ளஷ் டேங்க்கில் இராப்பகலாக ஒரு நூல் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். லைட்டை அணைக்க வேண்டாம் என்றோ குழாயை மூட வேண்டாம் என்றோ சொல்லவில்லை. எது எவ்வளவு போகிறது என்று தெரியாமல் குறைக்கப் போனால் வீட்டில் சண்டை மட்டும்தான் மிஞ்சும், பில் அப்படியேதான் இருக்கும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டு வாசலில் இருக்கும் இ.பி. மீட்டர், ஒரு வாளி, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர், இவ்வளவுதான். தமிழ்நாட்டில், அதுவும் சென்னைப் புறநகர் மாதிரி போர், மெட்ரோ வாட்டர், லாரி என்று மூன்றையும் நம்பியிருக்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

மீட்டரில் எதைப் பார்ப்பது

இப்போது உள்ள எலக்ட்ரானிக் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். ஓரத்தில் கே.டபிள்யூ.எச். என்று காட்டும்போது தெரிகிற பெரிய எண்தான் உங்களுக்கு வேண்டியது. வெறும் கே.டபிள்யூ. என்று ஒன்று வரும், அது வேறு சமாச்சாரம், அதைக் குறித்துக்கொண்டு குழம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு அந்த எண்ணைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதிவிடுங்கள். போன ஞாயிறு எழுதியதைக் கழித்தால் இந்த வார யூனிட். ரீடிங் எடுக்க வந்த தேதியையும் அன்றைய எண்ணையும் சிவப்பு மையில் எழுதுங்கள், ஏனென்றால் எல்லாக் கணக்கும் அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏன் வாராவாரம் என்று கேட்டால், காரணம் நம் ஊர்க் கட்டண முறையில் இருக்கிறது. இங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. 2016 மே முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது, அதனால் இன்றைய ரூபாய்க் கணக்கு இதைவிடக் கூடத்தான் இருக்கும், ஆனால் சூட்சுமம் என்ன என்று புரிய இது போதும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுப் படியே காணாமல் போய்விடும், 101 முதல் 400 வரை மொத்தமும் 4 ரூபாய் 50 காசுக்கு மாறும், 500-க்கு மேல் உள்ளது 8 ரூபாய். கூட்டினால் 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

200-ஐத் தாண்டினாலும் 400-ஐத் தாண்டினாலும் இப்படிக் குதிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அப்படி இல்லை, தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. குதிப்பது 500-இல். அதனால் 480, 520 என்று அந்த எல்லையை ஒட்டி இருக்கும் வீட்டுக்காரர்களுக்குத்தான் வாரக் கணக்கு தங்கம் மாதிரி. 60 நாளுக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், வாரத்துக்கு 58. ஆறாவது வாரம் முடியும்போது 350-க்குள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். 380 ஆகிவிட்டிருந்தால் மிச்சம் இருக்கிற நாட்களில் சமாளிக்க அவகாசம் இருக்கிறது. பில் வந்தபிறகு தெரிந்து என்ன பயன்? ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தள்ளி வந்தால் அந்த நான்கு நாள் யூனிட்டும் இதே பில்லில்தான் ஏறும், அதையும் சேர்த்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கும் வீடுகளில் 500 எல்லை என்ற கணக்கே உங்களுக்குப் பொருந்தாது, ஒவ்வொரு யூனிட்டும் ஒரே விலைதான், ஆக முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் பிடிப்பது லாபம். வீட்டுக்காரர் சொல்லும் எண்ணோடு உங்கள் காலண்டர் எண் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்பு விளக்கு சிமிட்டுவதைப் படிக்கும் வித்தை

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும், கவனித்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் 'இம்ப்' என்று போட்டு 3200, 1600 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுங்கள்: 3200 என்றால் 1125 வரும், 1600 என்றால் 2250. அதை மறுபடியும் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆகும் விநாடியால் வகுத்தால், இந்த நொடியில் உங்கள் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். 3200 மீட்டரில் பத்து விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 112 வாட், விநாடிக்கு ஒருமுறை என்றால் 1,125 வாட். ஒரே ஒரு சிமிட்டலை அளக்காமல் பத்துச் சிமிட்டல் எண்ணி நேரத்தைப் பத்தால் வகுத்தால் கணக்குச் சுத்தமாக இருக்கும்.

இது கைவந்துவிட்டால் வீட்டையே ஒரு சுற்று சோதனை போட்டுவிடலாம். ஒரு பகல் நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் சுவிட்சில் அணையுங்கள். மெயினை அணைக்க வேண்டாம். இப்போது விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்று பாருங்கள். முழுதாக நின்றுவிட்டால் நல்லது. நிற்கவில்லை என்றால் எதுவோ ரகசியமாக ஓடுகிறது: ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி., செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், ஏ.சி.யின் ஸ்டெபிலைசர், பேட்டரி பழசாகிப்போய் நாள் முழுக்கச் சார்ஜ் இழுத்துக்கொண்டே இருக்கும் இன்வெர்ட்டர். எல்லாம் சேர்ந்து வெறும் 40 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரமும் 60 நாளும் ஓடினால் 57 யூனிட்டுக்கு மேல், அதாவது உங்கள் ஒரு வார ஒதுக்கீடு யாருக்கும் உதவாமல் போகிறது. எது என்று கண்டுபிடிக்க, மெயின் பெட்டியில் லைனுக்கு ஒன்றாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள், எதை இறக்கும்போது சிமிட்டல் நிற்கிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறார்.

மெயினையே அணைத்த பிறகும் சிமிட்டினால் விஷயம் வேறு. மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ, எதுவோ கரண்ட் எடுக்கிறது, அல்லது மீட்டரிலேயே கோளாறு. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்கவே கூடாது.

சிமிட்டல் கணக்கு பிடிக்காதவர்களுக்கு, பிளக்கில் செருகி அதன்மேல் ஃப்ரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ செருகும் சின்ன யூனிட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும், ஆளுக்கொன்று வேண்டியதில்லை.

எங்கே கை வைத்தால் பலன்

ஃபேனைத்தான் முதலில் சொல்வேன், யாரும் கண்டுகொள்ளாத ஆள் அதுதான். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வாக்கில் எடுக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு ஃபேன் நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுவது சர்வசாதாரணம். 60 நாளில் 72 யூனிட். பி.எல்.டி.சி. என்கிற கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள ஃபேன் இதே காற்றை 30 வாட்டில் தருகிறது, 29 யூனிட்டில் முடிந்துவிடும். ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். வீட்டில் உள்ள எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ஹாலிலும் படுக்கையறையிலும் அதிக நேரம் ஓடும் இரண்டை மட்டும் முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறையில் வருடத்துக்குப் பத்து நாள் ஓடுகிற ஃபேனை மாற்றுவது வீண் செலவு. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம், வாங்கும்போது அதைப் பாருங்கள். பழைய பெட்டி மாதிரி ரெகுலேட்டர் இன்னும் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சக் கரண்ட்டை அது சூடாக்கி வீணடிக்கும், தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

கீசர் அடுத்தது. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றக் கிட்டத்தட்ட முக்கால் யூனிட் ஆகும், இதில் எந்த பிராண்ட் வாங்கினாலும் தப்ப முடியாது, தண்ணீரின் குணம் அப்படி. நாலு பேர் ஆளுக்கு 25 லிட்டர் குளித்தால் நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180. மார்கழியில் பில் ஏன் ஏறியது என்று யோசிப்பவர்கள் இங்கே பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களை விடுங்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. சமவெளியில் இருக்கும் நமக்குச் சூடு 40 டிகிரியைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிடத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, பத்து நிமிடம் போட்டு அணைத்து, ஷவரில் நிற்காமல் வாளியில் பிடித்துக் குளித்தால் பாதியாகக் குறையும். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்குத் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அந்த நேரத்துக்குக் குளிப்பதை மாற்றிக்கொண்டால் கீசரே வேண்டாம்.

ஏ.சி.யைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள புது ஏ.சி.களில் 24 டிகிரிதான் இயல்பு நிலை. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் கரண்ட் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்கிறது. 26 வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் தூக்கம் கெடாது. படுக்கும்போதும் எழுந்ததும் மீட்டர் எண்ணைக் குறித்தால் ஓர் இரவுச் செலவு துல்லியமாகத் தெரியும், 20-இல் ஒரு ராத்திரி, 26-இல் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், அப்புறம் வீட்டில் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. மேல் மாடியில் இருப்பவர்கள் ஏ.சி.யைவிட மாடித் தளத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு பன்னிரண்டு மணி வரை கீழே சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். கோடைக்கு முன் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ அடித்தால் அறை வெக்கை குறைவதைக் கையை மேலே தூக்கினாலே உணரலாம்.

ஃப்ரிட்ஜ் லேபிளில் ஒரு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதை ஆறால் வகுத்தால் உங்கள் ஒரு பில்லுக்கான பங்கு. பழைய ஃப்ரிட்ஜை அளந்து பார்த்து அது லேபிளைப்போல் இருமடங்கு தின்றால் கதவு ரப்பரைச் சந்தேகப்படுங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுங்கள், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. மிக்ஸி, கிரைண்டர் பற்றிக் கவலையே வேண்டாம். 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்கு. சட்னி அரைப்பதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

கேஸையும் இதே காலண்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதினால் 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்று தெரியும். வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னாலேயே தீர்ந்தால் பர்னர் அடைத்திருக்கிறதா, நீலத்துக்குப் பதில் மஞ்சளாக எரிகிறதா என்று பாருங்கள். பருப்பையும் சுண்டலையும் ஊற வைத்து வேகவிடுவது, விசில் வந்ததும் சிம்மில் வைப்பது, இதெல்லாம் நம் அம்மாக்கள் சொல்லாததா என்ன.

தண்ணீருக்கு மீட்டர் மோட்டார்தான்

பெரும்பாலான தனி வீடுகளில் தண்ணீருக்கு மீட்டர் கிடையாது. பரவாயில்லை, மேலே ஒரு தொட்டி இருக்கிறது, அதை நிரப்ப ஒரு மோட்டார் இருக்கிறது. ஒருமுறை மட்டும் சிரமப்பட்டு இந்த வேலையைச் செய்யுங்கள்: தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டாரைப் போட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் 40 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 25 லிட்டர். அதன்பின் தினமும் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்தாலே போதும், அன்றைய தண்ணீர்ச் செலவு கையில். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா எடுக்க உள்ளே போக வேண்டும் என்றால் யாரும் எழுத மாட்டார்கள்.

கணக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும்போது வைத்துக்கொள்ளும் அளவு. நாலு பேர் வீட்டுக்கு 540. குடத்தில் சொன்னால், 15 லிட்டர் குடத்தில் 36 குடம். நாலு பேர் இருக்கிற வீட்டில் 1,000 லிட்டர்த் தொட்டி தினம் இரண்டு தடவை நிரம்ப வேண்டியிருந்தால் செடிக்கு விடுகிறீர்கள், அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. சம்ப்பை அளக்க வேண்டுமானால் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, தண்ணீர் இறங்கிய உயரத்தை அடியில் வைத்துப் பெருக்குங்கள், ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் சொன்ன அளவு இறங்கியதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ராத்திரிதான் நல்ல நேரம். எல்லோரும் படுத்த பிறகு தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு குறி வையுங்கள், விடியற்காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மேல். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நாலைந்து சொட்டு ஃப்ளஷ் டேங்க்கில் விட்டு, இருபது நிமிடம் யாரும் இழுக்காமல் இருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நீலம் எட்டிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. விலை அதிகமில்லாத பொருள், ப்ளம்பருக்கும் கால் மணி நேர வேலை, ஆனால் அது காப்பாற்றுகிற தண்ணீர் வேறு எந்தச் சிக்கனத்தையும்விட அதிகம். சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளரை வையுங்கள். 200 மில்லி டம்ளர் ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் நாளைக்கு ஏறக்குறைய 5 லிட்டர், மாதத்துக்கு 150 லிட்டர்.

மோட்டார் நேரம் இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கும், எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்தது இதுதான். அதே தொட்டி, அதே மோட்டார், ஆனால் 40 நிமிடத்தில் நிரம்பியது இப்போது 55 ஆகிறது என்றால் எங்கோ கோளாறு. சம்ப்பிலிருந்து ஏற்றுகிற மோட்டார் என்றால் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிகிறதா, காற்று புகுகிறதா, உள்ளே தேய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போர் மோட்டார் என்றால் பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது. போருக்குள் எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் காலண்டரில் நிமிடங்கள் கூடிக்கொண்டே போவது மாசியிலேயே கண்ணில் பட்டுவிடும், சித்திரையில் போர் காற்றை இழுக்கிற வரை காத்திருக்க வேண்டாம். இதில்தான் தண்ணீரும் கரண்ட்டும் ஒன்றாகச் சேர்கின்றன. சம்ப்பிலிருந்து மாடிக்கு 1,000 லிட்டர் ஏற்ற 1 ஹெச்.பி. மோட்டாருக்கு முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதுவே ஊற்றுக் குறைந்த போரில் ஒன்றரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் நாளைக்கு 3 யூனிட்டுக்கு அருகில், இரண்டு மாதத்துக்கு 180. கோடை பில் ஏறினால் பழி முழுக்க ஏ.சி. மேல் விழுகிறது, பாதிப் பங்கு மோட்டாருடையதாக இருக்கலாம். சிவப்பு விளக்கை மோட்டார் ஓடும்போது எண்ணிப் பாருங்கள்.

தொட்டி நிரம்பி வழிவதற்கு மன்னிப்பே கிடையாது. பத்து நிமிடம் வழிந்தால் மேலே சொன்ன கணக்குப்படி 250 லிட்டர், ஓர் ஆளின் இரண்டு நாள் தண்ணீர். அலாரம் போதாது, பக்கத்து வீட்டுக்காரர் கத்திக் கூப்பிடும் வரை அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். தானாக நிறுத்தும் லெவல் கன்ட்ரோலர் வைத்துவிடுங்கள்.

புழக்கத்தில் குறைப்பது

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அந்த வருடம் சென்னையில் பல அடுக்குமாடிகளில் குழாய் முனையில் ஏரேட்டர், அதாவது காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் வலை மூடி, மாட்டினார்கள், மழை வந்ததும் சிலர் கழற்றிவிட்டார்கள். அதைத் திரும்ப மாட்டுங்கள். உங்கள் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் ஏரேட்டர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. போர்த் தண்ணீர் உப்பு என்றால் ஒரு மாதத்திலேயே அதன் வலையில் வெள்ளையாக உப்புக் கட்டிக்கொள்ளும், தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும், எல்லோரும் கழற்றி எறிவது அப்போதுதான். கழற்றி ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசு போல ஆகிவிடும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரே ஒரு நாள் வாளியில் பிடித்துப் பாருங்கள், பல வீடுகளில் குடிக்கிற ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. அதைவிட முக்கியமான கேள்வி, உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்பது. குடிநீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று இந்திய தர நிர்ணயம் சொல்கிறது. டி.டி.எஸ். பார்க்கும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாய்தான், உங்கள் வீட்டுக்கு வருவது ஏரித் தண்ணீராக இருந்து 500-க்குள் காட்டினால், உப்புக்காக ஆர்.ஓ. தேவைப்படாது, கிருமிக்குக் காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கலாம். ஆர்.ஓ. கட்டாயம் வேண்டும் என்கிற உப்புத் தண்ணீர் வீடுகளில் அந்தக் கழிவுநீரைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றப் பிடித்து வையுங்கள். செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் தங்கும். செடிக்கு ஏ.சி. தண்ணீரும், அரிசி கழுவிய கழுநீரும் போதும். வாழையும் கறிவேப்பிலையும் கழுநீரில் செழிப்பாக வரும்.

பழைய பெரிய ஃப்ளஷ் டேங்க் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி உள்ளே வையுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வை அடைக்கும். வாஷிங் மெஷினில் துணி சேர்ந்த பிறகு போடுங்கள், கடைசி அலசல் தண்ணீரைக் குழாயைத் திருப்பி வாளியில் பிடித்தால் வாசல் கழுவ ஆகிவிடும்.

மழைநீருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி 93 சதுர மீட்டர், சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர், ஆக 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் உங்கள் தலைக்கு மேலேயே விழுகிறது. ஆவியானதும் வழிந்ததும் போக ஒரு லட்சம் லிட்டர் கிடைத்தாலும் 540 லிட்டர் வீட்டுக்கு ஆறு மாதத் தண்ணீர். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அப்போது போட்ட குழாயும் குழியும் நிறைய வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குழியில் உள்ள மணலும் ஜல்லியும் சேறு பிடித்து இறுகியிருக்கும். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஓர் ஆளை வைத்து எடுத்துக் கழுவிப் போடுங்கள். மாடியைப் பெருக்கி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து உள்ளே திருப்புங்கள். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சில நிமிடத்தில் உறிஞ்சினால் வேலை செய்கிறது, தேங்கி நின்றால் மறுபடி தோண்ட வேண்டும்.

சோலார் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: போடலாம், ஆனால் இதையெல்லாம் செய்து இரண்டு பில் பார்த்த பிறகு. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு 4 யூனிட் வாக்கில் தரும். ஒழுகலும் பழைய ஃபேனும் இருக்கும்போது கணக்குப் போட்டால் 3 கிலோவாட் வேண்டும் என்று வரும், சரி செய்துவிட்டுப் போட்டால் இரண்டிலேயே முடிந்துவிடலாம். விலை கேட்கும்போது காலண்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை விற்க வருபவர் சொல்லக் கூடாது, உங்கள் வார யூனிட் சொல்ல வேண்டும்.